புரூஸ் லீ

குங்பூப் படங்களைக் கண்டு களிப்பது கற்றோர்க்கு அடாத செயல் என்று கருதும் பெரியோர் சிலர் நம்மிடையே உளர். அடியும் உதையுமன்றி அவற்றில் வேறு யாது உண்டு என்பது அவர்தம் வினா. அவ்வினாவுக்கு வாதத்தால் விடை கூறுவதினும், அப்படங்களை உலகெங்கும் பரவச் செய்த ஒருவருடைய சரித்திரத்தைச் சுருங்கச் சொல்லுதலே தக்கதெனத் தோன்றுகிறது. தலைமை வேடம் பூண்டு அவர் முழுமையாக முடித்துத் தந்த குங்பூப் படங்கள் நான்கே. அவற்றை அவர் எய்துமுன் அவருடைய முகமே பல்லாண்டுகள் அவருக்குத் தடையாய் நின்றது.

புரூஸ் லீ 1940ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 27ஆம் நாள் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சீனர் மருத்துவமனையில் பிறந்தார். தந்தையார் லீ ஹோய் சுவென் கான்டன் மொழி இசைநாடகங்களில் நடிப்பவர். நாடகக் குழுவினருடன் அந்நாட்டிற்குச் சென்றிருந்த காலம் அது. தாயார் கிரேஸ் ஹோ ஐரோப்பியக் கலப்புடைய குடும்பத்தில் தோன்றியவர். குழந்தை கைப்பிள்ளையாய் இருந்தபோதே ஒரு படத்தில் பெண் மகவாகக் காட்டப்பெற்றது. 1941இல் குடும்பம் ஹாங்காங்குக்குத் திரும்பியது. அவ்வாண்டு முடிவதற்குள் ஜப்பானியர் அந்நகரைக் கைப்பற்றினர். 1945 வரை அவர்கள் ஆட்சியிலேயே சிறுவர் வளர்ந்தார். பதினெட்டு வயது நிரம்புவதற்குள் ஏறக்குறைய இருபது படங்களில் அவர் தோன்றினார். அவற்றில் அவர் பெரும்பாலும் பூண்டவை அனாதைச் சிறுவரும் தெருவில் திரியும் பிள்ளைகளுமாகிய வேடங்களே.

துறவற சபையினர் நடத்திய லா சால் கல்லூரியிலும், பின்னர்த் தூய பிரான்சிஸ் சேவியர் கல்லூரியிலும் அவர் பயின்றார். புத்தகத்தில் அவர் மனம் செல்லவில்லை. தெருச் சண்டைகளிலேயே நாள் கழிந்தது. சண்டையிடுவதாயின் முறையாகக் கற்போம் என்று கருதினார் போலும், இப் மான் என்னும் ஆசிரியரை அடைந்து விங் சுன் என்னும் குங்பூ முறையைப் பயின்றார். அது வீச்சும் தாவலும் மிக்க வித்தையன்று. நெருங்கி நின்று, எதிரியின் கையைத் தன் கையால் தொட்டு உணர்ந்து, நேர்க்கோட்டில் விரைந்து குத்துவதே அதன் இயல்பு. 1958ஆம் ஆண்டு பள்ளிகளுக்கிடையே நடந்த மேனாட்டுக் குத்துச்சண்டைப் போட்டியில் அவர் வெற்றி பெற்றார். அதே ஆண்டு சா-சா என்னும் நடனத்திலும் ஹாங்காங்கில் முதற்பரிசு பெற்றார். பின்னாளில் அவர் போர்புரியும் காட்சிகளைக் கூர்ந்து நோக்குவார், அக்கால்களில் நடனத்தின் தாளம் ஒளிந்திருத்தலைக் காண்பர்.

தெருச் சண்டைகள் ஓயாமை கண்டு அஞ்சிய பெற்றோர், 1959இல் நூறு டாலருடன் அவரைப் பிறந்த நாட்டிற்குக் கப்பலேற்றினர். கப்பலில் முதல் வகுப்புப் பிரயாணிகளுக்கு நடனம் கற்பித்துக்கொண்டே சென்றார். சியாட்டில் நகரில் ஒரு சீன உணவகத்தில் பரிமாறும் பணி செய்து, விட்ட படிப்பை முடித்தார். 1961இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தத்துவ நூல்களை விரும்பிப் படித்தார். ஆயினும் பட்டம் பெறவில்லை. குங்பூவை இன்ன இனத்தார்க்கே கற்பிப்பது என்ற வரம்பின்றி, வந்தவர் எவராயினும் கற்பித்தார். அவரிடம் பயின்ற லிண்டா எமெரி என்னும் அமெரிக்க மங்கையை 1964இல் மணந்தார்.

அதே ஆண்டு லாங் பீச் நகரத்துக் கராத்தே விழாவில் அவர் காட்டிய திறன், தொலைக்காட்சிப் படம் எடுப்போர் செவிக்கு எட்டியது. 1966இல் தி கிரீன் ஹார்னெட் என்னும் தொடரில் கேட்டோ என்னும் வேடம் வாய்த்தது. கேட்டோ என்பவன் தலைவனுக்குக் கார் ஓட்டுபவன், முகமூடி அணிந்தவன், மிகுதியும் பேசாதவன். தொடர் ஓராண்டளவில் நின்றது. எனினும் ஹாங்காங் மக்கள் அதனைக் கேட்டோவின் தொடராகவே கொண்டாடினர் என்பதை அவர் நெடுநாள் அறியவில்லை. நடிகர்களுக்குக் குங்பூ கற்பித்தும் சிறு வேடங்கள் பூண்டும் அவர் காலம் தள்ளினார்.

1970இல் பளு தூக்கும் பயிற்சியின்போது முதுகில் கடுங்காயம் நேர்ந்தது. இனி உதைத்தல் இயலாது என்று மருத்துவர் கூறிவிட்டனர். மாதக்கணக்காகப் படுக்கையிற் கிடந்த அந்நாட்களில், வித்தையைப் பற்றிய தம் எண்ணங்களை ஏடு ஏடாக எழுதினார். அவர் மறைந்தபின் 1975இல் நூலாக வெளிவந்தவை அவற்றுட் சிலவே. அவர் எழுந்தார், மீண்டும் உதைக்கவும் உதைத்தார். ஆயினும் அமெரிக்காவில் கதவு திறக்கவில்லை. சீனத் துறவி ஒருவனைத் தலைவனாகக் கொண்ட குங்பூ என்னும் தொடருக்கு அவர் பெயரும் ஆராயப்பெற்று, முடிவில் அவ்வேடம் டேவிட் கேரடைன் என்னும் வெள்ளையருக்கே அளிக்கப்பட்டது. சீனன் வேடத்திற்குச் சீனர் தகுதியற்றவரானது நகைத்தற்குரியதோ இரங்கத்தக்கதோ, அறியோம்.

இந்நிலையில் ஹாங்காங்கில் கோல்டன் ஹார்வெஸ்ட் என்னும் புதிய நிறுவனத்தைத் தொடங்கியிருந்த ரேமண்ட் சௌ இரு படங்களுக்குப் பதினையாயிரம் டாலர் தர இசைந்தார். முதற்படமாகிய தி பிக் பாஸ் 1971இல் தாய்லாந்தின் பாக் சோங் என்னும் சிற்றூரில் எடுக்கப்பெற்றது. படம் கரடுமுரடானதே. ஆயினும் அதன் கட்டமைப்பில் ஒரு நயம் உண்டு. பனிக்கட்டித் தொழிற்சாலையிற் கூலி வேலைக்கு வரும் நாயகன், சண்டையிடுவதில்லை என்று தாய்க்கு வாக்களித்தவன். அதற்கு அடையாளமாகக் கழுத்தில் பச்சைக்கல் பதக்கம் ஒன்று அணிந்திருப்பவன். உடன் உழைப்போர் அடிபடுகின்றனர். அவன் கை கட்டி நிற்கிறான். கொட்டகையில் இருப்போர் பொறுமையிழந்து நெளிகின்றனர். ஒரு கைகலப்பில் பதக்கம் அறுபட்டு விழுகிறது. அதன்பின் நிகழ்வதைச் சொல்லவும் வேண்டுமோ? ஹாங்காங்கில் அதுவரை எப்படமும் ஈட்டாத வருவாயை அப்படம் ஈட்டியது.

அடுத்த ஆண்டில் வெளிவந்த ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரியே நம் மனத்திற்கு மிக உகந்தது. ஆசிரியரை இழந்த மாணாக்கன் சென் சென், ஷாங்காய் நகரில் ஜப்பானியர் செய்யும் இழிவுகளுக்குப் பழிவாங்குவது கதை. பூங்கா ஒன்றின் வாயிலில், நாய்களும் சீனரும் உட்புகலாகாது என்னும் பொருள்படப் பலகை தொங்குகிறது. அங்கே காவல் நின்று அவனைத் தடுப்பவர் தலைப்பாகை தரித்த நம் நாட்டவர் ஒருவர். ஆங்கிலேயர் அந்நகரில் சீக்கியரைக் காவலராய் அமர்த்தியிருந்தமை வரலாறு. நாம் அக்காட்சியைச் சற்றே தலைகுனிந்துதான் காண நேர்கிறது. சென் சென் துள்ளி எழுந்து அப்பலகையை உதைத்துச் சிதறடிக்கும்போது, நெடுங்காலம் வாயிலில் நிறுத்தப்பட்ட ஒருவருடைய காலே அதனை உதைக்கிறது என்பதை மறத்தல் அரிது. படத்தின் இறுதியில் தன் பள்ளியைக் காப்பதற்காக அவன் துப்பாக்கி வரிசையை நோக்கிப் பாய்கிறான். பாய்ந்த உருவம் அந்தரத்திலேயே அசையாது நிற்க, வெடியோசை மட்டும் கேட்கிறது.

வே ஆஃப் தி டிராகன் அவரே எழுதி இயக்கியது. அதன் முற்பகுதி நகைச்சுவையில் சற்று அலுப்புத் தருவதே. ரோமாபுரியின் பழைய கொலோசிய அரங்கில் சக் நோரிஸ் என்னும் கராத்தே வீரருடன் நிகழும் போரோ ஈடற்றது. இருவரும் முதலில் உடலை வளைத்து நிமிர்த்து ஆயத்தம் செய்கின்றனர், பூனைக்குட்டியொன்று பார்த்திருக்கிறது. ஒட்டியும் வெட்டியும் போரை மறைக்காமல், தலை முதல் கால் வரை இருவர் உடலும் தெரியுமாறு காட்டுவதே அவர் கொண்ட முறை. வென்றபின் வீழ்ந்தவனுடைய மேலங்கியை எடுத்து அவன் உடல்மேற் போர்த்தித் தலை தாழ்த்துகிறார்.

ஹாலிவுட்டும் இறுதியில் அழைத்தது. என்டர் தி டிராகன் 1973இன் தொடக்கத்தில் ஹாங்காங்கிலேயே எடுக்கப்பெற்றது. கண்ணாடிகள் சூழ்ந்த அறையில் பகைவனைத் தேடும் காட்சி அதிற்றான் உள்ளது. மே மாதம் 10ஆம் நாள் குரல் பதிவு செய்யும்போது அவர் மயங்கி விழுந்தார். மூளையில் வீக்கம் கண்டிருந்தது. பிழைத்தெழுந்து மீண்டும் உழைத்தார். ஜூலை 20ஆம் நாள் நடிகை ஒருவர் இல்லத்தில் தலைவலிக்காக மாத்திரை உட்கொண்டு படுத்தவர் விழிக்கவேயில்லை. அப்போது அவர் வயது முப்பத்திரண்டு. படம் அமெரிக்காவில் திரையிடப்பட்டது அடுத்த மாதத்தில்தான். முகமூடியின்றி அம்முகத்தைக் காணக் கூட்டம் கூடியது.

ஹாங்காங்கில் பல்லாயிரவர் திரண்டு அஞ்சலி செலுத்திய பின், உடல் சியாட்டில் நகரத்து லேக் வியூ கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. நடிகராகிய மகன் பிராண்டன் 1993இல் படப்பிடிப்பில் நேர்ந்த துப்பாக்கி விபத்தால் இறந்து, தந்தையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.