தாடை போனபின் 16 ஆண்டுகள்!

நாள் ஒன்றுக்குச் சுமார் 20 சுருட்டு! மனோதத்துவ மேதை சிக்மண்ட் பிராய்டுக்கு அது இல்லாமல் பேனா ஓடாது.

1923-ம் ஆண்டு, 66-வது வயதில், அவருடைய மேல் அண்ணத்தில் ஒரு தடிப்பு தோன்றியது. வியன்னாவில் அறுவை நடந்தது. ரத்தம் பெருக்கெடுத்து, அன்றே உயிர் போயிருக்கும். அது புற்றுநோய் என்பதை டாக்டர்கள் மறைத்தார்கள். மனித மனத்தின் மறைவிடங்களைத் துருவிப் பார்த்தவரிடமே மறைத்தார்கள்!

அக்டோபரில் டாக்டர் பிக்லர் வலப்புற மேல்தாடையையும் அண்ணத்தின் ஒரு பகுதியையும் வெட்டி எடுத்தார். வாய்க்கும் மூக்குக்கும் நடுவே தடுப்பே இல்லை. ஆகவே பெரிய பல்செட் போன்ற ஒன்றைப் பொருத்தினார்கள். அதை மாட்டுவதும் கழற்றுவதும் பெரும்பாடு. பேச்சு குழறியது. வலக்காது மந்தமாயிற்று. பிறர் முன்னால் சாப்பிடக் கூசினார். ஆனாலும் 1924 ஜனவரியிலேயே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்!

மகள் அன்னாதான் நர்ஸ். முகத்தில் இரக்கம் காட்டக்கூடாது என்பது தந்தை போட்ட நிபந்தனை. 1930-ல் கதே பரிசு கிடைத்தபோது, பிராங்பர்ட்டுக்குப் போய் வாங்கி வந்ததும் அன்னாதான்.

எக்ஸ்ரே, ரேடியம், 30-க்கு மேற்பட்ட அறுவைகள்! சிந்தனை மங்கிவிடும் என்று மயக்க மருந்துகளை ஒதுக்கினார். சுருட்டை மட்டும் ஒதுக்கவில்லை. மேதைக்கும் மனம் குரங்குதான் போலும்!

1938-ல் நாஜிகள் வியன்னாவைப் பிடித்ததும் லண்டன் சென்றார். மறு ஆண்டு, புண்ணின் நாற்றம் தாங்காமல் செல்ல நாயே ஒதுங்கியது. முன்பே பேசிவைத்தபடி டாக்டர் ஷூர் மார்பியா ஊசி போட்டார். செப்டம்பர் 23-ந் தேதி பிராய்டின் உயிர் பிரிந்தது.