கொலைகாரன் யாருன்னு சொல்லாமலே முடிச்சவர்... கல்கியிடம் நாம் ஏன் திரும்பத் திரும்பப் போகிறோம்?

அன்னவாசல்ல இருந்து பைக்கை எடுங்க. இலுப்பூர், விராலிமலை பக்கமா போய் திருச்சி - மதுரை சாலையைப் பிடிச்சா, கொஞ்ச தூரத்துல கொடும்பாளூர் வந்துடும். அங்கே வெட்டவெளியில் ரெண்டு கற்கோயில்கள் நிற்கும். மூணாவது கோயிலுக்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம். பேரு மூவர் கோயில். பத்தாம் நூற்றாண்டில் பூதி விக்கிரமகேசரி கட்டியது.

பேரைக் கேட்டதும் உங்களில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீங்க. ஆமாம், ‘பொன்னியின் செல்வ’னில் வர்ற பெரிய வேளார் அவர்தான். நம்ம மயங்கி விழும் வானதியோட பெரியப்பா. கோயில் கல்வெட்டில் இருப்பது விக்கிரமகேசரியும் அவருடைய மனைவிகள் கற்றளி, வரகுணா ஆகியோரும்தான். ஆனால், அங்கே போய் நிற்கிற பலரும் தேடுவது வானதியை!

கல்லில் இருக்கிற பெண்களை விட்டுட்டு, கதையில் இருக்கிற பெண்ணைத் தேட வைக்கணும்னா அந்த எழுத்துக்கு எவ்வளவு வலு இருக்கணும்? 70 வருஷத்துக்கு முன்னாடி முடிஞ்ச தொடர்கதை அது. முடிவும் தெரியும். படமும் ரெண்டு பாகமா 2022, 2023-ல் வந்து போயாச்சு. அப்புறமும் ஏன் முதல் பாகத்தை மறுபடி எடுக்கிறோம்? இதுக்குப் பதில் கதைக்குள்ளே பாதி இருக்கு. மீதி, எழுதியவர் வாழ்ந்த விதத்தில் இருக்கு.

பரீட்சை எழுதாத பையன்

ரா.கிருஷ்ணமூர்த்தி பிறந்தது 1899 செப்டம்பர் 9. ஊர், மயிலாடுதுறை பக்கம் புத்தமங்கலம். அப்பா ராமசாமி ஐயர் கிராமத்துக் கர்ணம். வசதியான வீடு இல்லை. காவிரிப் பாசன ஊர், வாய்க்கால், வயல், கோயில், கதாகாலட்சேபம்... இதுதான் பையனோட உலகம். பின்னாளில் பொன்னி நதியை ஒரு கதாபாத்திரம் மாதிரியே எழுதினாரே, அதுக்கான விதை இங்கேதான் விழுந்தது.

திருச்சியில் படிச்சுக்கிட்டு இருந்தார். 1921. பள்ளி இறுதித் தேர்வுக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி. நல்லாப் படிக்கிற பையன். தேர்வு எழுதினால் ஒரு சர்க்கார் உத்தியோகம் நிச்சயம். அந்த நேரத்தில்தான் காந்தியின் ஒத்துழையாமை அழைப்பு. பையன் படிப்பைத் தூக்கிப் போட்டுட்டு வெளியே வந்துட்டார். அடுத்த வருஷமே ஓராண்டு சிறை. சுதந்திரப் போராட்டத்துக்காக அவர் மொத்தம் மூன்று முறை ஜெயிலுக்குப் போனவர் என்பது, நாவலை மட்டும் படிச்ச நிறையப் பேருக்குத் தெரியாது.

வெளியே வந்தவருக்கு 1923-ல் திரு.வி.க-வின் ‘நவசக்தி’யில் உதவி ஆசிரியர் வேலை கிடைச்சது. அப்புறம் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு வாசம். அங்கே மதுவிலக்குப் பிரசாரத்துக்காகவே வந்த ‘விமோசனம்’ பத்திரிகையில் வேலை.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. மதுவிலக்குப் பத்திரிகையை யார் காசு கொடுத்து விரும்பிப் படிப்பாங்க? குடிக்காதேன்னு சொல்றதைக் குடிக்கிறவரே உட்கார்ந்து கேட்கணும்னா, பேச்சில் ருசி இருக்கணும். கதை இருக்கணும், சிரிப்பு இருக்கணும். ஒரு நிமிஷம் போரடிச்சாலும் எதிரே இருக்கிறவர் எழுந்து போயிடுவார். அவர் எழுந்து போனால் கொள்கையும் கூடவே போச்சு. வாசகனைக் கையைப் பிடிச்சு உட்கார வைக்கும் வித்தையை கல்கி இப்படிப்பட்ட வேலைகளில்தான் பழகினார்னு எனக்குத் தோணும்.

வாரா வாரம் ஒரு பரீட்சை

1930-களில் எஸ்.எஸ்.வாசனின் ‘ஆனந்த விகடன்’. அங்கே கல்கியின் பேனா ஓடாத துறை இல்லை. தலையங்கம், நகைச்சுவை, பயணக் கட்டுரை, ‘கர்நாடகம்’ என்ற பேரில் சங்கீத விமர்சனம். ‘கள்வனின் காதலி’ தொடர். பிறகு ‘தியாகபூமி’. படப்பிடிப்புப் புகைப்படங்களோடு பத்திரிகையில் தொடராக வந்துக்கிட்டே, கே.சுப்ரமணியம் இயக்கத்தில் 1939-ல் சினிமாவாகவும் வந்து, பிரிட்டிஷ் அரசின் தடையையும் வாங்கிய கதை அது.

1941-ல் தனிநபர் சத்தியாகிரகத்துக்காக விகடனை விட்டு விலகி ஜெயிலுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் வேலை இல்லை. நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தப் பத்திரிகை தொடங்க முடிவு செய்தார். முதலீட்டுக்குக் கைகொடுத்தவர் யார் தெரியுமா? சதாசிவத்தின் மனைவி எம்.எஸ்.சுப்புலட்சுமி. ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடிச்சு வந்த சம்பளம் ‘கல்கி’ பத்திரிகைக்கு ஆதாரமாச்சு. அதனால் அந்தப் பத்திரிகை ஜெயிச்சே ஆகணும். ஒரு வாரம் சறுக்கினாலும் பலருடைய உழைப்பு போயிடும்.

அப்படிப்பட்ட பத்திரிகையில்தான் ‘பார்த்திபன் கனவு’ வந்தது. அடுத்து 1944-ல் ‘சிவகாமியின் சபதம்’.

இப்போ ‘ப்ரீக்வெல்’னு சொல்றோமே, கல்கி அன்னைக்கே அதைச் செய்திருக்கார். எழுதின வரிசையில் ‘பார்த்திபன் கனவு’ முதல். ஆனால், கதை நடக்கும் காலத்தில் ‘சிவகாமி’தான் முன்னாடி. பார்த்திபனில் கம்பீரமான சக்கரவர்த்தியாக வரும் நரசிம்மவர்மர், சிவகாமியில் ஒரு சிற்பியின் மகளைக் காதலிச்சுத் தவிக்கும் இளவரசர். ‘சிவகாமி’யை முடிச்சுட்டு மறுபடி பார்த்திபனைத் திறந்து பாருங்க. அதே சக்கரவர்த்திதான், அதே வரிகள்தான். ஆனா, அவர் எதைத் தொலைச்சுட்டு இங்கே வந்து நிற்கிறார்னு இப்போ உங்களுக்குத் தெரியும். ஒரு எழுத்து மாறாமலே புத்தகம் மாறிப்போயிருக்கும்!

ஒரு வரியில் இருந்து ஒரு ஹீரோ

1950 அக்டோபர் 29-ல் ‘பொன்னியின் செல்வன்’ ஆரம்பம். மூன்றரை ஆண்டுகள், ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். மணியத்தின் ஓவியங்கள். வாரா வாரம் வந்த பக்கங்களைக் கிழிச்சுச் சேர்த்து, பைண்டிங் பண்ணி வெச்ச வீடுகள் ஏராளம். உங்க தாத்தா வீட்டுப் பரண்லயும் ஒரு செட் இருக்கலாம், தேடிப் பாருங்க.

சரி, இதில் எவ்வளவு நிஜம்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவின்னு சொல்லுது. அந்தக் கல்வெட்டில் அவரைப் பத்தி வேற பெரிய கதை எதுவும் இல்லை. அந்த ஒரு குறிப்பில் இருந்துதான், குதிரை ஏறி, பொய் சொல்லி, மாட்டிக்கிட்டு, தப்பிச்சு, வழியெல்லாம் வாயாடும் நம்ம ஹீரோ வந்தார். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் எல்லாரும் கல்கியின் கற்பனை.

வந்தியத்தேவனை ஹீரோவாக்கியதில் ஒரு பெரிய சூட்சுமம் இருக்கு. அவன் சோழநாட்டுக்கு வெளியூர்க்காரன். ஆடிப்பெருக்கு அன்னைக்கு வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும்போது, அவனுக்கும் அந்த நாட்டு அரசியல் புரியாது, நமக்கும் புரியாது. கடம்பூர் மாளிகையில் ஒளிஞ்சிருந்து அவன் சதியைக் கேட்கும்போதுதான் நாமும் கேட்கிறோம். சோழ வரலாறு ஒரு வரிகூடத் தெரியாத ஒருத்தர், ஆறாவது அத்தியாயத்துக்குள் வாரிசுச் சண்டையில் கட்சி கட்டிடுவார். வெளியூர்க்காரனோடு சேர்ந்து உள்ளே போனதால்தான், மறுபடி போகும்போது அது சொந்த ஊர் மாதிரி ஆயிடுது.

இன்னொரு விஷயம், வயசு. பதினாறு வயசில் படிச்சா வந்தியத்தேவன்தான் எல்லாம். இருபத்தஞ்சில் நந்தினியின் கோபம் புரிய ஆரம்பிக்கும். நாற்பதில், வயசான காலத்தில் ஒரு பெண்ணை நம்பி எல்லாத்தையும் இழந்த பெரிய பழுவேட்டரையர் மேல் இரக்கம் வரும். இன்னும் வயசானா, கால் நடக்க முடியாமல் கட்டிலில் கிடந்து பிள்ளைகளை நினைச்சுக் கலங்கும் சுந்தர சோழர். உங்க அம்மாவும் நீங்களும் ஒரே புத்தகத்தைப் படிச்சுட்டு வேற வேற ஆளுக்காக அழுதிருந்தா, காரணம் இதுதான்.

அப்புறம், அந்தக் கொலை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? வரலாற்றில் உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன் முதலான சகோதரர்களைத் துரோகிகள்னு பேர் சொல்லிக் குற்றம் சாட்டுது. நாவலில் ரவிதாசன் இருக்கான், சதியும் இருக்கு. ஆனா, அந்த இருட்டு அறையில் கத்தி யார் கையில் இருந்ததுன்னு கல்கி அறுதியிட்டுச் சொல்லவே இல்லை. நந்தினி, பழுவேட்டரையர், ரவிதாசன்னு ஒவ்வொரு பேருக்கும் ஒரு கட்சி. அன்னைக்குத் திண்ணையில் நடந்த சண்டை இன்னைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் நடக்குது. விடையைச் சொல்லியிருந்தா புத்தகத்தை மூடி வெச்சிருப்போம். சொல்லாததால், இந்தத் தடவை கண்டுபிடிச்சிடலாம்னு மறுபடி திறக்கிறோம்.

சித்தன்னவாசல் சொல்லும் எச்சரிக்கை

அன்னவாசல் பக்கத்திலேயே இருக்கிற சித்தன்னவாசல் குகை ஓவியங்களை, கல்கி எழுதிய காலத்தில் மகேந்திர பல்லவனோட கொடைன்னு அறிஞர்கள் பலர் நம்பினாங்க. பிறகு அங்கே உள்ள கல்வெட்டை வெச்சு, பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டதுன்னு தெரிஞ்சது. தாமரைக் குளத்து ஓவியமும் அந்தக் காலத்ததுன்னுதான் இப்போ பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க.

ஆய்வு இப்படித்தான், நகர்ந்துக்கிட்டே இருக்கும். கதை நகராது. கல்கி அன்றைக்குக் கிடைச்ச நீலகண்ட சாஸ்திரி, சதாசிவ பண்டாரத்தார் போன்றோரின் ஆய்வுகளை மதிச்சுத்தான் எழுதினார். ஆனாலும், அவர் எழுதியது நாவல். பொன்னியின் செல்வனைப் படிச்சுட்டு சோழர் வரலாறு முழுசாத் தெரியும்னு யாராவது சண்டைக்கு வந்தா, அவரைக் கொடும்பாளூருக்குக் கூட்டிட்டுப் போங்க. கற்றளியையும் வரகுணாவையும் அறிமுகப்படுத்துங்க.

அவருக்குப் பிடிச்சது வேற!

1954 மே 16-ல் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தது. சட்டுனு முடிச்சுட்டார்னு வாசகர்களுக்கு மனக்குறை. கதாபாத்திரங்களுக்குப் பிறகு என்ன ஆச்சுன்னு கேள்விகள். கல்கி பொறுமையா ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். அடுத்து ‘அமரதாரா’வில் இறங்கினார். உடல் ஒத்துழைக்கலை. அதே ஆண்டு டிசம்பர் 5-ல், சென்னையில், 55 வயதில் மறைந்தார். சோழர் கதை முடிஞ்சு ஏழு மாசம்கூட ஆகலை. ‘அமரதாரா’வை மகள் ஆனந்தி முடிச்சு வெச்சார்.

இதில் மனசை உறுத்தும் ஒரு விஷயம் உண்டு. தன் நாவல்களில் நிலைச்சு நிற்கத் தகுதி உள்ளதுன்னு கல்கி நினைச்சது ‘பொன்னியின் செல்வ’னை இல்லை, ‘அலை ஓசை’யை. சீதா என்ற சாதாரணப் பெண்ணின் வாழ்க்கை வழியா, சுதந்திரப் போராட்டத்தையும் தேசப் பிரிவினையின் ரத்தத்தையும் சொன்ன நாவல். அவர் மறைந்த பிறகு 1956-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கியதும் அதுதான். படிப்பை விட்டு, மூணு தடவை ஜெயிலுக்குப் போன மனுஷன், தான் வாழ்ந்த காலத்தையே சாட்சியாக எழுதிய புத்தகம். நாம் அதைத் தாண்டி குதிரைக் குளம்பொலி கேட்கும் பக்கமே ஓடிட்டோம்.

தப்புன்னு சொல்ல மாட்டேன். எந்தப் புத்தகத்துக்குத் திரும்பிப் போகணும்னு வாசகரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, எழுதியவரேகூட. நமக்கு ஒரு கூட்டாளி வேணும். களைச்சு வீட்டுக்கு வந்த ராத்திரியில், பக்கத்தில் உட்கார்ந்து, வழி தெரியும் வான்னு கூட்டிட்டுப் போற குரல் வேணும். அந்தக் குரல் கல்கிக்கு வாய்ச்சது. முடிவு தெரிஞ்சும் நாம் திரும்பப் போறது அந்தக் குரலுக்காகத்தான்.

ஆனா, அந்தக் குரல் ‘அலை ஓசை’யிலும் இருக்கு. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால், உங்க போனிலேயே இலவசமாகக் கிடைக்கும். அடுத்த தடவை வீரநாராயண ஏரிக்கரைக்குப் போறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு முறை சீதாவையும் பார்த்துட்டு வாங்க. வந்தியத்தேவன் கோவிச்சுக்க மாட்டான். அவனுக்குக் காத்திருந்து பழக்கம்!