கோணமலைக் கடலில் விண்ணைத் தேடியவர்

2007 டிசம்பரில் தமது 90 ஆவது பிறந்த நாளையொட்டி ஒரு முதியவர் கொழும்பிலிருந்து உலகுக்கு விடுத்த செய்தியில் மூன்று விருப்பங்களைத் தெரிவித்தார். பூமிக்கு அப்பால் உயிர் உண்டு என்பதற்குச் சான்று கிடைக்க வேண்டும் என்பது முதலாவது. மனிதகுலம் எண்ணெயை நம்பி வாழ்வதைக் கைவிட்டுத் தூய ஆற்றலுக்கு மாற வேண்டும் என்பது இரண்டாவது. தாம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்த இலங்கையில் நிலையான சமாதானம் ஏற்பட வேண்டும் என்பது மூன்றாவது. இவற்றில் ஒன்றேனும் நிறைவேறுவதைக் காணாமலே 2008 மார்ச் 19 ஆம் திகதி அவர் காலமானார். அவர்தான் விஞ்ஞான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்.

முதல் விருப்பத்துக்கும் மூன்றாவது விருப்பத்துக்கும் தொடர்பில்லை என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் அவருடைய வாழ்க்கையையும் எழுத்தையும், குறிப்பாகத் திருகோணமலையுடன் அவருக்கு ஏற்பட்ட தொடர்பையும் நோக்குமிடத்து, இரண்டும் ஒரே வினாவிலிருந்து பிறந்தவை என்பது புலனாகும். தன்னைப் போலல்லாத ஒருவரை எதிர்கொள்ள மனிதன் ஆயத்தமாக இருக்கிறானா என்பதே அவ்வினா.

1917 டிசம்பர் 16 ஆம் திகதி இங்கிலாந்தின் மைன்ஹெட் என்னும் கடலோரச் சிற்றூரில் கிளார்க் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகம் செல்ல வசதியின்றி அரசாங்கக் கணக்காய்வுத் திணைக்களத்தில் எழுதுவினைஞரானார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானப் படையில் ராடார் துறையில் பணியாற்றினார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தப்படும் மூன்று செய்மதிகள் உலகம் முழுவதையும் தொலைத்தொடர்பால் இணைக்கும் என்று 1945 அக்டோபரில் அவர் எழுதிய கட்டுரை, முதலாவது செய்மதி ஏவப்படுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்தியது. போர் முடிந்த பின்னரே இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் பயின்று முதல் வகுப்பில் தேறினார்.

அவரைக் கீழைத் தேசத்துக்கு அழைத்து வந்தது கடல். நீருக்கடியில் உடல் எடையற்றதாகி மிதப்பது விண்வெளியில் இருப்பதற்கு ஒப்பானது என்பதை உணர்ந்து அவர் சுழியோடக் கற்றார். 1954 இல் அவுஸ்திரேலியப் பவளப் பாறைகளை நோக்கிச் சென்ற கப்பல் பயணத்தில் கொழும்பில் சிறிது நேரம் இறங்கியவர், 1956 இல் இங்கேயே குடியேறினார்.

அந்த ஆண்டிலேயே அவரும் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலைக்கு வந்தனர். துறைமுகம் அப்போதும் பிரித்தானியக் கடற்படையின் தளமாகவே இருந்தது. மறு ஆண்டில்தான் அது இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. பிரெட்ரிக் கோட்டைக்கு அப்பால் செங்குத்தாக எழும் சுவாமிமலையின் அடிவாரக் கடலில் அவர்கள் சுழியோடியபோது, செதுக்கப்பட்ட கற்றூண்களும் சிதைந்த கட்டடப் பகுதிகளும் நீருக்கடியில் கிடக்கக் கண்டனர். திருஞானசம்பந்தர் பாடிய திருக்கோணேச்சரத்தின் எச்சங்கள் அவை. கடலிலிருந்து மீட்கப்பட்ட சிவலிங்கம் பின்னர் மலை மீது கட்டப்பட்ட புதிய ஆலயத்தில் வைக்கப்பட்டது. 1963 இல் அவ்வாலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. இந்தத் தேடலைக் கிளார்க் 1957 இல் வெளியான தமது நூலொன்றில் விரிவாக எழுதினார்.

அந்தத் தூண்கள் கடலுக்குள் சென்ற வரலாற்றைத் திருகோணமலை மக்கள் அறிவர். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வலிய கப்பல்களோடும் பீரங்கிகளோடும் வந்த போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். தொலைவிலிருந்து வந்த, தொழில்நுட்பத்தில் மேம்பட்ட அந்நியர் ஒரு சமூகத்தைச் சந்தித்தால் என்ன நேரக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1961 இல் தென்கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள மகா இராவணா கோட்டுவ பாறைத்தொடரில் வில்சனும் உடன் சென்ற இரு சிறுவர்களும் மற்றொரு புதையலைக் கண்டனர். முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் பெயர் பொறித்து, சூரத் நாணயச் சாலையில் ஹிஜ்ரி 1113 இல் அச்சிடப்பட்ட வெள்ளி நாணயங்கள் அங்கே பாளம் பாளமாகக் கிடந்தன. அதையும் கிளார்க் நூலாக்கினார். பீரங்கியோடு வந்த அந்நியர் விட்டுச் சென்ற இடிபாடுகளும், வாணிபத்தின் பொருட்டுப் புறப்பட்ட கப்பல் விட்டுச் சென்ற வெள்ளியும் ஒரே தீவைச் சூழ்ந்த கடலில் கிடந்தன. சந்திப்பு அழிவாகவும் முடியலாம், உறவாகவும் முடியலாம் என்பதற்கு இரண்டும் சாட்சி.

கிளார்க்கின் கதைகளில் இந்த இருமையே மீண்டும் மீண்டும் வருகிறது. 1953 இல் வெளிவந்த நாவலில் வேற்றுலகினர் கருணையோடு வந்து போர்களை நிறுத்துகின்றனர். ஆனால் மனிதகுலம் தன் படைப்பாற்றலையும் தனித்துவத்தையும் இழந்துவிடுகிறது. 1968 இல் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்குடன் உருவாக்கிய திரைப்படத்தில், சந்திரனில் வேற்றறிவின் சின்னம் கிடைத்ததும் அதிகாரிகள் மக்கள் அதிர்ச்சியடைவர் என அஞ்சி உண்மையை மறைக்கின்றனர். 1973 இல் எழுதிய நாவலில் வருகிற விண்கலம் மனிதர்களைப் பொருட்படுத்தாமலே கடந்து செல்கிறது. அழிவு, தங்கியிருத்தல், புறக்கணிப்பு ஆகிய எதற்கும் மனம் தயாராக இருக்க வேண்டும் என்பதே இவற்றின் சாரம்.

இது கற்பனை மட்டுமன்று. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக 1960 இல் தயாரிக்கப்பட்ட அறிக்கை ஒன்று, அறிமுகமற்ற சமூகத்தைச் சந்தித்துச் சிதைந்துபோன சமூகங்களை எடுத்துக்காட்டி, இத்தகைய கண்டுபிடிப்பின் விளைவுகளை முன்கூட்டியே ஆராய வேண்டுமென்றது. 1989 இல் சர்வதேச விண்வெளிக் கழகம் நெறிமுறைகளை வகுத்தது. சமிக்ஞை கிடைத்தால் முதலில் சரிபார்க்க வேண்டும். பின்னர் ஒளிவுமறைவின்றி உலகுக்கு அறிவிக்க வேண்டும். சர்வதேச ஆலோசனையின்றி எவரும் மறுமொழி அனுப்பக் கூடாது என்பன அவற்றுள் முக்கியமானவை.

சமயம் இதற்குத் தடையாகுமா? கிளார்க் சமய நம்பிக்கையற்றவர். 1979 இல் வெளியான அவருடைய நாவலில் வேற்றுலகிலிருந்து வரும் ஆய்வுக் கலம் மனிதரின் இறைநம்பிக்கையையே அசைத்துவிடுகிறது. அதன் களம் நமது சிவனொளிபாதமலையை, முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை எனப் போற்றும் அதே மலையை, மாதிரியாகக் கொண்டது. இந்த இடத்தில் அவரோடு நாம் மாறுபடலாம். திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் அண்டங்களின் பெருக்கத்தை வியந்தவர் மாணிக்கவாசகர். இறைவனை உலகங்கள் அனைத்துக்கும் உரியவனாகப் போற்றியே திருக்குர்ஆன் தொடங்குகிறது. பல உலகங்கள் என்ற எண்ணம் இவ்விரு மரபினருக்கும் அந்நியமன்று. அசைய வேண்டியது நம்பிக்கை அன்று, படைப்பில் நாம் மட்டுமே முக்கியமானவர்கள் என்ற செருக்கே.

1975 இல் இந்தியாவின் செய்மதிக் கல்வித் தொலைக்காட்சித் திட்டம் ஏறத்தாழ 2,400 கிராமங்களை எட்டியபோது, இந்திய விண்வெளிப் பொறியியலாளர்கள் அவரது கொழும்பு இல்லத்திலும் அலைவாங்கி ஒன்றை நிறுவினர். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 2002 வரை பணியாற்றிய அவருக்கு 2005 இல் இலங்கையின் மிக உயர்ந்த தேசிய விருது வழங்கப்பட்டது. இளம்பிள்ளை வாதத்தின் பின்விளைவுகளால் இறுதி ஆண்டுகளைச் சக்கர நாற்காலியில் கழித்தார். எவ்விதச் சமயச் சடங்குமின்றிக் கொழும்பு பொரளை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் அந்த மூன்றாவது விருப்பத்தைச் சொன்ன காலத்தை நினைவிற் கொள்ள வேண்டும். 2006 இல் மாவிலாற்று நீரில் தொடங்கிய மோதல் முழுப் போராக மூண்டது. மூதூரிலிருந்து முஸ்லிம்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். சம்பூரிலிருந்து தமிழர் துரத்தப்பட்டு, பலர் பத்தாண்டு அளவில் தங்கள் மண்ணை மிதிக்க முடியாமலிருந்தனர். கொட்டியாரக் குடாவைச் சுற்றி ஒரே மொழி பேசி, ஒரே கடலில் வலைவீசி வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கிய காலம் அது. சமாதானம் விரும்புவதால் மட்டும் வந்துவிடாது, துணிவும் விடாமுயற்சியும் வேண்டும் என்று கிளார்க் அச்செய்தியிலேயே குறிப்பிட்டிருந்தார். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அவர் விரும்பிய சமாதானம் அதனுடன் சேர்ந்து வந்துவிட்டதாகச் சொல்ல இயலாது.

சூரியனுக்கு அப்பாலுள்ள விண்மீன்களைச் சுற்றும் கோள்களாக இதுவரை உறுதிசெய்யப்பட்டவை 6,000 ஐத் தாண்டிவிட்டன. அவற்றுள் ஒன்றிலிருந்து என்றேனும் ஒரு சமிக்ஞை வரலாம், வராமலும் போகலாம். வந்தால் மனிதகுலத்தின் சார்பில் என்ன மறுமொழி சொல்வது என்பதை உலகம் ஒன்றுகூடித் தீர்மானிக்க வேண்டியிருக்கும். அதற்கான பயிற்சிக்கு வானொலித் தொலைநோக்கி தேவையில்லை. கோயில் மணியும் பாங்கொலியும் விகாரையின் பிரித் ஓசையும் ஒரே காற்றில் கலக்கும் துறைமுக நகரத்தில், அயலவரின் காணியையும் வழிபாட்டிடத்தையும் நினைவையும் தமதைப் போல் மதிக்க மக்கள் பழகுவார்களாயின், கிளார்க்கின் மூன்றாவது விருப்பம் நிறைவேறும். முதலாவது விருப்பம் நிறைவேறும் நாளுக்கும் அதுவே தகுந்த ஆயத்தமாகும்.