டாக்டர் முத்துலக்ஷ்மி அம்மையார்

மகளிர் கல்வியே குடும்பத்தின் ஆரோக்கியம் என்பதற்கு நாம் இங்கு எடுத்துக்காட்டும் சரிதை டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையாருடையது. இவர் புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்தார். பூப்பெய்திய பெண்ணைப் பள்ளியினின்று நிறுத்துதல் அக்கால வழக்கம். இவரும் நின்றார், ஆயினும் தந்தையார் நாராயணசாமி வீட்டிலேயே பாடம் தொடரச் செய்தார். பின்பு ஆடவர் பயின்ற மகாராஜா கல்லூரியில் மன்னர் இடமளித்தார். 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பெற்ற கல்வியை அம்மையார் தமக்கென வைத்துக்கொண்டாரில்லை. 1926இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து, மாதர் சிசுக்களின் நலத்துக்காக வாதாடினார். ஆதரவற்ற பெண்களுக்கு ஒளவை இல்லம் கண்டார். உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனையாய் எழுந்தது. 1968இல் மறைந்தார்.

அன்று அவ்வீட்டில் பாடம் நின்றிருப்பின் எத்தனை நோயாளர் திக்கற்றிருப்பர்! மகமைப் பணத்தால் பள்ளிகள் கண்டவர் நம் முன்னோர். விருதுநகரில் 1962 முதல் மகளிர் கல்லூரியும் உண்டு. கற்ற தாய் நீரைக் காய்ச்சித் தருவாள், தடுப்பூசி தவறவிடாள், குழந்தையின் சுரத்தை நாள் கடத்தாது வைத்தியரிடம் காட்டுவாள். ஆதலின், தீப்பெட்டி ஒட்டவும் பட்டாசுக் குழாய் சுருட்டவும் மகளின் படிப்பை நிறுத்த எண்ணும் சிவகாசிப் பெற்றோர், அத்தந்தையாரை ஒருகணம் நினைப்பாராக.