துடுப்புக்கு ஓய்வு கொடுத்தவர்

மேதைகள் என்றால் நமக்கு எடிசனும் ஃபோர்டும்தான் ஞாபகம் வருவார்கள். நான் சொல்லப் போவது ஓலே எவின்ரூட் பற்றி. படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினோடு சேர்ந்தே அமெரிக்காவில் புகழ்பெற்ற பெயர் அது. எனக்கு அவர் அறிமுகமானது ஒரு தப்பினால்!

எங்கள் ஊர் கன்னியாகுமரிக் கடற்கரை. போன கோடை விடுமுறையில் அப்பாவின் வள்ளத்துக்கு எரிபொருள் கலப்பது என் வேலை. ஒரு விடியற்காலை டின்னில் ஆயில் கொஞ்சம்தான் இருந்தது. டிப்ளமோ படிக்கிறவன்தானே என்ற தைரியத்தில், இருந்ததைக் கண்ணளவா ஊத்திட்டுப் போதும்னு விட்டுட்டேன். நடுக்கடலில் எஞ்சின் ஜாம். இன்னொரு வள்ளம் கட்டியிழுத்துக் கரை சேர்த்தது. பிஸ்டனைக் கழற்றினால் பக்கமெல்லாம் நீளநீளமாய்க் கீறல். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் சுடுகிறது.

இந்த எஞ்சினின் கதையைத் தேடி நூலகம் போனேன். அங்கே கிடைத்தவர்தான் எவின்ரூட்.

1877-இல் நார்வேயில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியது. பள்ளிப் படிப்பு அதிகமில்லை. பதினாறு வயதில் மாடிசன் நகரத்துப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் இரும்பு, இரவில் பொறியியல் புத்தகம். நம்மைப் போல் லேப், லெக்சரர் எதுவும் கிடையாது!

ஒரு கோடை நாளில் காதலி பெஸ் கேரியுடன் ஏரிக்கரைக்குப் போனாராம். அவள் ஐஸ்கிரீம் கேட்க, படகில் துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அன்று பிறந்த யோசனை, 1909-இல் விற்பனைக்கு வந்தது. அவுட்போர்டை முதலில் செய்தவர் அவர் அல்ல. நம்பி வாங்கும்படி செய்து காட்டியவர் அவர். ஒன்றரை குதிரைத்திறன், எடை சுமார் 28 கிலோ. மனைவியான பெஸ்தான் கணக்கும் விளம்பரமும் பார்த்தார். பெஸ்ஸின் உடல்நலம் கெட்டதும், நன்றாக ஓடிய கம்பெனியின் பங்கை விற்றுவிட்டு ஒதுங்கினார். பின்னர் அலுமினியத்தில் இன்னும் இலேசான இரட்டை சிலிண்டர் எஞ்சினோடு 1921-இல் திரும்பி வந்தார். 1929-இல் கம்பெனிகள் இணைந்தபோது அவரே தலைவர். 1933-இல் பெஸ் மறைந்தார். மறு ஆண்டு அவரும். அவர் பெயர் தாங்கிய எஞ்சின்கள் 2020 வரை தயாராகின.

அந்த எஞ்சின் எப்படி இலேசானது? அது டூ ஸ்ட்ரோக். வால்வு இல்லை, கேம் இல்லை, ஆயில் சம்ப்பும் இல்லை. எரிபொருளும் காற்றும் கிராங்க் கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகின்றன. அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. எனவே எரிபொருளோடு கலந்து வரும் ஆயில்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் ஒரே துணை. குறைந்தால் பிடித்துக்கொள்ளும். கூடினா நல்லதுதானேன்னு நினைக்காதீங்க! புகை, கார்பன், பிளக் அடைப்பு மட்டுமல்ல. ஆயில் கூடிய அளவுக்கு எரிபொருள் குறைவதால் சூடும் ஏறும்.

கணக்கு சுலபம். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. எது வேண்டும் என்பதை எஞ்சினோடு வந்த கையேடுதான் சொல்ல வேண்டும், டீக்கடை நண்பர் அல்ல. தண்ணீரில் குளிரும் அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 வகை ஆயில். காற்றில் குளிரும் மரமறுக்கும் செயின் சா, புல்வெட்டும் மெஷினுக்கு அதற்கென்றே விற்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில். கார் எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். கலந்ததை மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.

துடுப்பு வலிக்கும் கைகளுக்கு ஓய்வு தர ஒரு மனிதர் ஆயுளைச் செலவழித்தார். நான் நூறு மில்லி ஆயிலில் அலட்சியம் காட்டி, அப்பாவை நடுக்கடலில் நிறுத்தினேன். இப்போது எங்கள் வள்ளத்தில் அளவுக் கப் ஒன்று கயிற்றில் கட்டித் தொங்குகிறது. அதை அப்பா கட்டவில்லை, நான்தான் கட்டினேன்.

— மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்