நாகம்மாளின் அண்ணன்



ஜூலை 15 வந்தா கல்வி வளர்ச்சி நாள் கொண்டாடுறோம். அன்னிக்குக் காமராசரைப் பத்தி எல்லாரும் பேசுவோம். ஆனா அவருக்கு நாகம்மாள் என்று ஒரு தங்கை இருந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த முறை நான் அந்தத் தங்கை பக்கம் நின்னு அவரைப் பார்க்கிறேன்.

1903-ல் விருதுபட்டியில் குமாரசாமி, சிவகாமி அம்மாளுக்குக் காமராசர் பிறந்தார். அந்த ஊர்தான் இப்போ விருதுநகர். முதல்ல வச்ச பேர் காமாட்சி. அம்மா ராஜா, ராஜான்னு கூப்பிட்டாங்க. ரெண்டும் சேர்ந்து காமராஜ் ஆனது.

அவருக்கு ஆறு வயசு இருக்கும்போது அப்பா இறந்துட்டார். தங்கச்சி இன்னும் சின்னப் பிள்ளை. அம்மாவும் பாட்டி பார்வதி அம்மாளும்தான் ரெண்டு பேரையும் வளர்த்தாங்க. ஆறாம் வகுப்போடு அண்ணன் படிப்பு நின்னது. மாமா கருப்பையாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன் சம்பாதிச்சா வீடு நிமிர்ந்துடும்னு எல்லாரும் நினைச்சிருப்பாங்க.

ஆனா 1919-ல் ஜாலியன் வாலாபாக் படுகொலை நடந்தது. அண்ணன் மனசு கடையில் நிற்கவில்லை. கூட்டம், ஊர்வலம்னு போனார். மாற்றிடலாம்னு திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமா கடைக்கு அனுப்பினாங்க. அங்கேயும் மாறல. கல்யாணப் பேச்சு எடுத்தாங்க, கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்லை.

1930-ல் உப்பு சத்தியாகிரகத்தில் கைதாகி, கல்கத்தா பக்கம் அலிப்பூர் சிறைக்குப் போனார். பாட்டி உடம்பு முடியாம படுத்தப்போ பரோலில் வரச் சொன்னாங்க. அவர் வரவில்லை. பின்னாடி நம்ம வேலூர் ஜெயிலிலும் இருந்தார். மொத்தம் ஏறக்குறைய 9 வருஷம் சிறைதான்.

1954-ல் முதலமைச்சர் ஆனார். அப்பவாவது வீட்டுக்கு வசதி வந்ததா? அம்மாவுக்கு மாசம் 120 ரூபாய்தான் அனுப்பினாராம். அந்த வீட்டுக்கு மட்டும் தனியா போட்ட தண்ணீர்க் குழாயையும் எடுக்கச் சொல்லிட்டாராம். படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பெத்த அம்மாவுக்கு ஒரு குழாய் இருந்தா என்ன?

அப்புறம் யோசிச்சேன். 1956-ல் மதிய உணவுத் திட்டம் கொண்டு வந்தார். குக்கிராமத்திலும் பள்ளிக்கூடம் திறந்தார். படிக்க முடியாமப்போன அந்த அண்ணன், முன்னப்பின்ன தெரியாத எத்தனையோ தங்கச்சிகளைப் படிக்க வச்சார். ஒரு தங்கச்சிக்குக் கிடைக்காதது எல்லாருக்கும் கிடைச்சது. நாமும் அதில்தான் சாப்பிட்டுப் படிக்கிறோம்.

1975 அக்டோபர் 2-ல் அவர் இறந்தார். அடுத்த வருஷம் பாரத ரத்னா கொடுத்தாங்க. அவர் வளர்ந்த வீடு இப்போ நினைவு இல்லம்.

எங்க அண்ணனும் பத்தாவதோடு நின்னு ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போறாங்க. போன மாசம் என்னையும் நிறுத்தலாம்னு வீட்டில் பேச்சு வந்தது. அண்ணன்தான் விடல. அன்னிக்கு ராத்திரி எனக்கு நாகம்மாள் ஞாபகம் வந்தது. அதனால்தான் இதை எழுதினேன்.

நம் வகுப்பிலும் நின்னுடலாம்னு யாராவது நினைச்சா, தயவுசெய்து ஒரு தடவை டீச்சர்கிட்ட சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஆலங்காயம்.