நோயின் மூலம் தேடிய மேதை

உடலில் ஒரு கட்டி தோன்றினால், அது எங்கிருந்தோ வந்து புகுந்த பகை என்றே நாம் அஞ்சுகிறோம். அது நம் சொந்தச் செல்களிலிருந்தே பிறக்கிறது என்பதை உலகுக்கு உணர்த்தியவர் ருடால்ஃப் விர்ச்சோ.

அவர் 1821ஆம் ஆண்டு பிரஷ்யா நாட்டுச் சிற்றூர் ஒன்றில் உழவரின் ஒரே மகனாகப் பிறந்தார். பெர்லினில் மருத்துவம் பயின்று 1843இல் பட்டம் பெற்றார். காலில் உறைந்த இரத்தம் பெயர்ந்து சென்று நுரையீரலை அடைக்கும் என்பதைக் கண்டறிந்தார். உறைந்த இரத்தம் கரையாமல் காத்து, இரத்தப்போக்கை அடக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை அளிக்கும் இன்றைய மருத்துவர்களும் இவ்வாபத்தை மனத்திற்கொண்டே அளிக்கின்றனர்.

1848இல் மேல் சைலீசியாவில் டைஃபஸ் காய்ச்சல் பரவியது. அதை ஆராய அரசு விர்ச்சோவை அனுப்பியது. பசியும் கல்லாமையுமே நோயை வளர்த்தன, அதற்கு அரசே பொறுப்பு என்று அவர் அஞ்சாது எழுதினார். அவ்வாண்டின் மக்கள் புரட்சியிலும் கலந்துகொண்டார். அதனால் அரசின் சினத்துக்கு ஆளாகி, 1849இல் பெர்லினைவிட்டு வூர்ஸ்பர்க் நகருக்குச் சென்றார்.

அங்கும் அவர் சோர்ந்துவிடவில்லை. ஒவ்வொரு செல்லும் மற்றொரு செல்லிலிருந்தே தோன்றுகிறது என்று ராபர்ட் ரெமாக் முன்பே கண்டிருந்தார். அவ்வுண்மையை நோயியலுக்கே அடிப்படையாக்கினார் விர்ச்சோ. 1856இல் பெர்லினுக்கு மீண்டும் அழைக்கப்பட்டார். 1858இல் அவருடைய சொற்பொழிவுகள் நூலாயின. 1902இல் அவர் மறைந்தார்.

இன்றும் கட்டியிலிருந்து சிறு துண்டெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தே அது புற்றுநோயா என்று அறிகின்றனர். கட்டியின் மூலத்தைச் செல்லிலும், கொள்ளைநோயின் மூலத்தை ஏழையின் குடிசையிலும் தேடியவர் அவர். அன்புத் தோழியரே, மருத்துவராக விரும்பும் நாம் இவ்விரண்டையும் காணக் கற்போமாக!

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு